ஷிபுயாவின் பழுப்பு முகங்கள்: ஜப்பானியத் தெருப்பாணிகளும் இனமும்

1999, 2000ஆம் ஆண்டுகளில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பதின்ம வயதுப் பெண்கள் சிலர் முகத்தை அடர் பழுப்பாக்கிக்கொண்டு, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை தீட்டி, தலைமுடியை வெள்ளி நிறத்துக்கோ ஆரஞ்சு நிறத்துக்கோ மாற்றி, மிகத் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணிகளில் நடமாடினார்கள். இந்தப் பாணிக்குக் கங்குரோ என்று பெயர். இவர்களுடைய படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தபோது, குறிப்பாக அமெரிக்க வாசகர்களிடையே உடனே எழுந்த கேள்வி இது: இந்தப் பெண்கள் கறுப்பின மக்களைப் போல வேடமிடுகிறார்களா? ஆம் என்பதும் இல்லை என்பதும் அதற்குப் போதுமான பதில்கள் அல்ல. அந்த உடை எங்கிருந்து வந்தது, தோல் நிறம் பற்றிய எண்ணம் எப்படி உருவானது, அந்தத் தெருவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பவற்றைப் பார்த்த பிறகே அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

தெருப்பாணி என்று இங்கே குறிப்பிடுவது, பெரிய வடிவமைப்பாளர்கள் மேடையில் காட்டும் ஆடையை அல்ல. இளைஞர்கள் தாங்களே கூடி, ஒரு குறிப்பிட்ட தெருவையோ பூங்காவையோ தமது இடமாகக் கொண்டு, உடை, முடி, ஒப்பனை, இசை, பேச்சு ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரு குழுவின் அடையாளமாக வளர்த்தெடுக்கும் பழக்கத்தையே அப்படிச் சொல்கிறோம். அத்தகைய குழுவின் வாழ்முறையைத் துணைப்பண்பாடு என்பார்கள். ஜப்பானில், அதிலும் டோக்கியோவில், 1960களிலிருந்து இவ்வகைத் துணைப்பண்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேறொரு நாட்டு மக்களின் தோற்றத்தை ஏதோவொரு வகையில் எடுத்துக்கொண்டவை. ஆனால் அந்தத் தோற்றத்தை உருவாக்கிய மனிதர்கள் பெரும்பாலும் அதனுடன் வந்து சேரவில்லை. இசைத்தட்டு, திரைப்படம், பத்திரிகைப் படம், பழைய துணி மூட்டை ஆகியவற்றின் வழியே தோற்றம் மட்டும் வந்தது. ஜப்பானிய இளைஞர்கள் அதை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு கற்றுக்கொண்டதற்கும், அதன் பின்னாலிருந்த வாழ்க்கையைப் பல நேரங்களில் காணாமல் விட்டதற்கும் இந்தத் தொலைவே காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைகள் ஜப்பானுக்குள் வந்த காலத்திலிருந்து இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். இன்று இளைஞர் ஆடைகளுக்கு உலகப் புகழ்பெற்ற ஹராஜுகு பகுதிக்கு அருகில் 1946இல் அமெரிக்கப் படைக் குடும்பங்களுக்காக வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற குடியிருப்பு கட்டப்பட்டது. அந்த இடம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது வீரர்களின் தங்குமிடமாகி, அதன்பின் யோயோகி பூங்காவாக மாறியது. அந்தக் குடும்பங்களுக்குப் பொருள் விற்ற கடைகளால்தான் ஹராஜுகுவுக்கு வெளிநாட்டுச் சாயல் முதலில் ஏற்பட்டது. கடற்படைத் தளம் இருந்த யோகோசுகா நகரில், ஊர் திரும்பும் அமெரிக்க வீரர்களுக்கு நினைவுப் பொருளாக, முதுகில் புலியும் கழுகும் டிராகனும் எம்பிராய்டரி செய்யப்பட்ட பளபளப்பான மேற்சட்டைகள் விற்கப்பட்டன. சுகாஜான் எனப்படும் அந்தச் சட்டையைப் பின்னாளில் ஜப்பானிய இளைஞர்களே விரும்பி அணிந்தார்கள். உயேனோ பகுதியின் அமெயோகோ சந்தையில், முகாம்களிலிருந்து வெளியே வந்த அமெரிக்கத் துணிகள் கைமாறின.

இந்தக் காலத்தில் ஜப்பானிய இளைஞர்களுக்கு அறிமுகமான அமெரிக்காவே இனத்தால் பிளவுபட்டிருந்த ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்கப் படையில் இனப் பிரிவினையை நீக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. ஆணை வந்த பிறகும் பழக்கம் மறையவில்லை. வியட்நாம் போர்க் காலத்தில் ஒகினாவா தீவின் கோசா நகரில் வெள்ளைச் சிப்பாய்களின் மதுக்கடைத் தெருவும் கறுப்புச் சிப்பாய்களின் தெருயா பகுதியும் தனித்தனியாக இருந்தன. ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ், சோல் இசை ஆகியவை தளங்களை ஒட்டிய ஊர்களின் இளைஞர்களை இந்தப் பிரிவினையின் ஊடாகத்தான் எட்டின. ஒகினாவாவிலும் யோகோசுகாவிலும் சாசெபோவிலும் கறுப்பின மனிதர்கள் நேரில் இருந்தார்கள். டோக்கியோவின் பெரும்பாலான இளைஞர்களுக்கு அவர்கள் ஒலியும் படமுமாகவே இருந்தார்கள்.

முதலில் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய குழு, வெள்ளை அமெரிக்க மேட்டுக்குடியைப் பின்பற்றியது. வான் ஜாக்கெட் நிறுவனத்தைத் தொடங்கிய இஷிசு கென்சுகே, ஐவி லீக் எனப்படும் அமெரிக்காவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அணிந்த உடையை ஜப்பானிய இளைஞர்களுக்கு அறிமுகம் செய்தார். 1964 கோடையில் அந்த உடையணிந்த இளைஞர்கள் டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள மியுகி தெருவில் நாள் முழுவதும் நின்றார்கள். ஒலிம்பிக் நெருங்கும் நேரத்தில் இது நகருக்கு அவமானம் என்று கருதிய காவல்துறை செப்டம்பரில் அவர்களைச் சுற்றிவளைத்துப் பலரை நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. கழுத்துப்பட்டைக்குப் பொத்தான் வைத்த சட்டை அணிந்ததற்காகக் காவல் நிலையம் போக வேண்டியிருந்த காலம் அது. 1970களின் பிற்பகுதியில் ஹராஜுகுவில் 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் தோற்றம் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களுக்கு மூடப்பட்ட யோயோகி பூங்காச் சாலையில், தோல் மேற்சட்டையும் உயர்த்திச் சீவிய முடியுமாக இளைஞர்கள் ஆடினார்கள். அந்தத் திறந்த சாலை 1998இல் நிறுத்தப்படும் வரை எத்தனையோ குழுக்களுக்கு இடம் தந்தது.

இனி தோல் நிறத்துக்கு வருவோம். வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்று ஜப்பானியப் பழமொழி ஒன்று உண்டு. ஐரோப்பியர்களின் வருகைக்கு முன்பே அரசவைப் பெண்கள் முகத்தில் வெண்பூச்சு பூசினார்கள். ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்களும் பிற்காலத்தில் அவ்வாறே பூசினார்கள். ஆகவே ஜப்பானில் வெளுப்பின் மேல் உள்ள ஆசையை வெறும் மேற்கத்திய இறக்குமதியாகக் கருதுவது தவறு. வெயிலில் உழைக்க வேண்டாத வாழ்க்கையின் அடையாளமாகவும், அடக்கமான பெண்மையின் அடையாளமாகவும் அந்த வெளுப்பு நெடுங்காலம் போற்றப்பட்டது. இப்படிப்பட்ட எண்ணத்தின் கனம் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். அதில் முதல் பெரிய விரிசலை உண்டாக்கியது ஒரு விளம்பரம். 1966 கோடையில் ஷிசெய்டோ நிறுவனம், வெயிலில் கறுத்த மேனியுடன் கடற்கரையில் இருக்கும் மாடல் மாயேதா பிபாரியின் படத்தை நாடெங்கும் ஒட்டியது. அவர் அமெரிக்கத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். வெயிலில் பழுத்த மேனி இப்படி ஓய்வு, கடல், உடல்நலம், சற்றே அயல்நாட்டுத்தன்மை ஆகியவற்றோடு இணைந்துகொண்டது. சுருக்கமாகச் சொன்னால், ஜப்பானில் பழுப்புத் தோலின் நவீன வரலாறு ஹவாய், கலிபோர்னியா கடற்கரைகளைப் பார்த்துத் தொடங்கியது.

1990களில் இதற்கு ஒரு புதிய முகம் கிடைத்தது. 1977இல் ஒகினாவாவில் பிறந்த பாடகி அமுரோ நமியே, 1995, 1996 வாக்கில் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமானார். பழுப்பு மேனி, நீண்ட செம்பழுப்பு முடி, மெலிந்த புருவம், குட்டைப் பாவாடை, தடித்த அடிப்பாகக் காலணி ஆகியவற்றோடு அவரைப் போலவே உடுத்திய பெண்களுக்கு அமுரா என்று ஊடகங்கள் பெயர் வைத்தன. அமுரோவின் தாய்வழித் தாத்தா அமெரிக்கர். தமக்கு ஆடலிலும் பாடலிலும் ஆர்வம் ஊட்டியவர் ஜேனட் ஜாக்சன் என்று அமுரோ கூறியிருக்கிறார். இந்த வழித்தடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண்ணின் மேடை ஆட்டத்தை, 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒரு தீவின் சிறுமி கற்றுக்கொள்கிறாள். அவளுடைய தோற்றத்தை ஷிபுயாவின் பள்ளி மாணவிகள் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாவது கைக்கு வரும்போது முதல் பெண்ணின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அது மட்டுமன்றி, ஒகினாவா மக்களையே ஜப்பானின் பெருநிலப் பகுதியினர் நெடுங்காலம் தம்மிலும் தாழ்ந்தவர்களாகவும் வேறுபட்டவர்களாகவும் நடத்தியவர்கள். அந்தத் தீவுப் பெண்ணின் தோற்றம் தலைநகரின் அழகு இலக்கணமானது ஜப்பானுக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு தலைகீழ் மாற்றம்.

அமுராக்களைத் தொடர்ந்து, பள்ளிச் சீருடையின் பாவாடையைச் சுருட்டிக் குட்டையாக்கி, தொளதொளவென்ற வெள்ளைக் காலுறை அணிந்த கோகியாரு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தோலை மேலும் மேலும் கறுக்கச் செய்தபோது கங்குரோ பிறந்தது. இது இன்னும் மிகையாகி, கன்னத்திலும் மூக்கிலும் கூட வெள்ளைத் தீற்றலும் முகத்தில் ஒட்டும் மினுங்கும் துண்டுகளும் பல நிற முடியுமாக மாறியதற்கு யமன்பா என்று பெயர். மலையில் வாழும் கிழச் சூனியக்காரியைக் குறிக்கும் இந்தப் பெயர் நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தப் பெண்களின் கூடாரமாக இருந்தது 1979இல் திறக்கப்பட்ட ஷிபுயா 109 வணிகக் கட்டடம். அங்குள்ள கடைகளின் விற்பனைப் பெண்களே நட்சத்திரங்களாக மதிக்கப்பட்டார்கள். 1995இல் தொடங்கிய எக் பத்திரிகை, தொழில்முறை மாடல்களுக்குப் பதிலாகத் தெருவில் பார்த்த பெண்களின் படங்களையே வெளியிட்டது. மேனியைக் கறுக்கச் செய்யப் புற ஊதா விளக்குகள் கொண்ட நிலையங்களுக்குப் போனார்கள். அதற்குப் பணம் இல்லாதவர்கள் மிக அடர்ந்த ஒப்பனைப் பூச்சைப் பயன்படுத்தினார்கள்.

இவர்கள் யாரைப் போல இருக்க விரும்பினார்கள்? அவர்களுடைய ஆடைகளையும் இசையையும் பார்த்தால் பதிலின் ஒரு பகுதி தெரிகிறது. அவர்கள் விரும்பி அணிந்த அல்பா ரோசா ஆடைகளின் அடையாளம் செம்பருத்திப் பூ. அது கடற்கரையையும் ஹவாயையும் நினைவூட்டுவது. அவர்கள் வரிசையாக நின்று கைகளை மட்டும் வேகமாக அசைத்து ஆடிய பாரா பாரா ஆட்டத்துக்குரிய யூரோபீட் இசை பெரும்பாலும் இத்தாலிய இசைக்கூடங்களில் உருவானது. ஹிப்-ஹாப் இசையோடு இவர்களுக்கு இருந்த உறவு அத்தனை நெருக்கமானதல்ல. வெள்ளை உதடும் வெள்ளைக் கண்வளையமும் கறுப்பின அமெரிக்கரின் அழகு முறையில் இருந்தவை அல்ல. வெண்மை, கருமுடி, அடக்கம், மென்குரல் என்று ஜப்பானியப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து அதன் எதிர்முனைக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன தோற்றம் கிடைக்குமோ அதுவே கங்குரோ. நிலம், பங்கு விலைகள் அளவுமீறி ஊதிப்போன பொருளாதாரக் குமிழி உடைந்து, பெற்றோரின் வேலை உறுதியும் திருமணக் கனவும் ஆட்டம் கண்ட பத்தாண்டில் வளர்ந்த பெண்கள் அவர்கள். நல்ல மருமகள் என்ற சந்தைக்குத் தாங்கள் தயாராக இல்லை என்பதை முகத்தாலேயே சொன்னார்கள்.

ஆனால் இதோடு விளக்கத்தை நிறுத்துவது நேர்மையாகாது. நோக்கம் எதுவாக இருந்தாலும், கறுப்பு முகம் என்ற படிமம் ஜப்பானில் 1999இல் புதிதாக வந்ததல்ல. அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பற்படை ஜப்பானின் கதவைத் திறக்கக் கட்டாயப்படுத்திய 1854இல், மார்ச் 27 அன்று, பவ்ஹாட்டன் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்தளிக்கப்பட்டது. அதன் கேளிக்கையாக, வெள்ளை மாலுமிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின அடிமைகளைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் ஆட்டத்தை நிகழ்த்திக் காட்டினார்கள். நவீன அமெரிக்காவோடு ஜப்பான் கொண்ட உறவின் தொடக்கத்திலேயே, கறுப்பினத்தவரைக் குறித்த வெள்ளையரின் ஏளனச் சித்திரம் பரிசுப் பொருள்களோடு சேர்ந்து வந்து இறங்கிவிட்டது. பெரும்பாலான ஜப்பானியர் கறுப்பினத்தவரை நேரில் அறிவதற்கு முன் அவர்களைப் பற்றிய கேலி வந்துவிட்டது என்பது ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இந்தச் சித்திரம் நூறாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. 1960இல் தக்காரா நிறுவனம் வெளியிட்ட தக்கோ-சான் என்ற ஊதிப் பெரிதாக்கும் கறுப்புப் பொம்மை, இளம்பெண்கள் கையில் மாட்டிக்கொண்டு திரிந்த மோகப் பொருளாகி, சுமார் 24 லட்சம் விற்றது. 1980இல் சானெல்ஸ் என்ற குழு முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு, அமெரிக்க டூ-வாப் இசையைப் பாடிப் புகழ் பெற்றது. கறுப்பின இசையின் மேல் தமக்குள்ள மரியாதையைக் காட்டவே அப்படிப் பூசிக்கொண்டதாக அக்குழுவினர் கருதினர். 1988இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, கறுப்புச் சிறுவனைக் கேலியாகக் காட்டும் சாம்போ பொம்மைகளையும் கேலிச் சித்திரங்களையும் பற்றி எழுதியதைத் தொடர்ந்து சான்ரியோ நிறுவனம் தன் பொருள்களைத் திரும்பப் பெற்றது. சாம்போ கதையின் ஜப்பானியப் பதிப்பை இவானாமி பதிப்பகம் நிறுத்தியது. அதே ஆண்டில் ஒசாகா பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பம் கறுப்பினத்தவருக்கு எதிரான பாகுபாட்டை எதிர்க்க அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. 2005இல் வேறொரு பதிப்பகம் அந்தக் கதையை மீண்டும் அச்சிட்டது. 2015இல், முன்பு சானெல்ஸ் என்று அறியப்பட்ட அதே குழு இளம் பாடகியரோடு சேர்ந்து முகத்தில் கறுப்புப் பூசிய படம் வெளியானபோது, ஜப்பானில் வாழும் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் பே மெக்னீல் கையெழுத்து இயக்கம் நடத்தினார். தொலைக்காட்சி நிறுவனம் அந்தக் காட்சியை ஒளிபரப்பாமல் விட்டது.

ஆக, ஷிபுயாவின் பெண்கள் கறுப்பினத்தவரை நினைத்துத் தோலைக் கறுக்கச் செய்யவில்லை என்றாலும், அவர்களைப் பார்த்தவர்களின் கண்ணில் இந்தப் பழைய சித்திரங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆண்களுக்கான ஜப்பானிய வார இதழ்கள் இந்தப் பெண்களை ஆப்பிரிக்கப் பழங்குடிகளோடும் விலங்குகளோடும் ஒப்பிட்டுக் கேலி செய்ததை ஆய்வாளர் ஷரோன் கின்செல்லா விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அடங்காத பெண்ணை இழிவுபடுத்த இனவெறியின் சொற்களே கையருகில் இருந்தன என்பது அந்த ஆய்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். கங்குரோவில் இனத்தின் பங்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது இந்தக் கேலிகளையே. அந்தப் பெண்களின் ஒப்பனைப் பெட்டியை அல்ல.

கங்குரோவோடு அடிக்கடி குழப்பப்படும் இன்னொரு பாணி உண்டு. பி-கேய் அல்லது பி-ஸ்டைல் எனப்படும் அந்தப் பாணியில் கறுப்பின அமெரிக்கரின் தோற்றத்தைப் பின்பற்றுவது வெளிப்படையான நோக்கம். இதன் வேர் ஹிப்-ஹாப். 1983இல் வைல்ட் ஸ்டைல் திரைப்படம் டோக்கியோவில் திரையிடப்பட்டபோது, அதில் தோன்றிய நியூயார்க் கலைஞர்கள் சிலரும் உடன் வந்து ஆடியும் இசைத்தும் காட்டினார்கள். அதன்பின் யோயோகி பூங்காவில் இளைஞர்கள் தரையில் சுழன்று ஆடத் தொடங்கினார்கள். மொழி தெரியாமலேயே கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டம் முதலில் பரவியது. ராப் பாடல் ஜப்பானிய மொழிக்கேற்ப வளையப் பிறகு பல ஆண்டுகள் ஆயின. 1990களில் தொளதொளத்த காற்சட்டை, கூடைப்பந்துச் சட்டை, தங்கச் சங்கிலி ஆகியவற்றோடு, பின்னல் முடியும் ட்ரெட்லாக்ஸும் வந்தன. நேரான, வழுக்கும் இயல்புடைய முடியை அப்படி மாற்ற முடிதிருத்தும் நிலையத்தில் பல மணி நேரம் அமர வேண்டும். அதோடு புற ஊதா விளக்கின் கீழ்ப் படுத்துத் தோலையும் கறுக்கச் செய்தவர்கள் இருந்தார்கள்.

இவர்களைப் பற்றிப் பேசும்போது நான் ஒரு வேறுபாட்டைக் கடைப்பிடிக்கிறேன். இசையையோ ஆட்டத்தையோ ஒரு கலையாக எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்தில் போய் நின்று தன் திறமையைக் காட்டுபவர், அந்தக் கலையின் மக்களுக்குத் தன்னைத் தேர்வுக்கு உட்படுத்துகிறார். யோகோஹாமாவில் 1991இல் உருவான மைட்டி கிரவுன் குழு 1999இல் நியூயார்க்கில் நடந்த, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு மோதும் ஒலிக்குழுக்களின் போட்டியில் வென்றது. 2002இல் குடோ ஜுன்கோ ஜமைக்காவுக்கே சென்று அந்நாட்டின் டான்ஸ்ஹால் ஆட்டத்துக்கான அரசிப் பட்டத்தை வென்றார். ஜமைக்கா ரசிகர்கள் முன்னால் ஆடி அவர்களுடைய கைதட்டலைப் பெறுவதும், டோக்கியோவில் படங்களைப் பார்த்துத் தோலின் நிறத்தை மாற்றிக்கொள்வதும் ஒன்றாகா. கலையைக் கற்றுக்கொள்ள முடியும். தோல் நிறம் ஒருவர் கற்ற திறமை அல்ல. அமெரிக்காவில் அதற்காக ஒருவர் வேலையை, வீட்டை, சில நேரம் உயிரையே இழந்திருக்கிறார். அதை ஞாயிற்றுக்கிழமை அணிந்து திங்கட்கிழமை கழற்றி வைப்பதைக் கண்டு கறுப்பின அமெரிக்கர்கள் புண்பட்டது முழுக்க நியாயமானது. அதே வேளை, அவர்களின் எதிர்வினையும் ஒரே குரலில் இருந்ததில்லை. கறுப்பின அமெரிக்க ஓவியர் அயோனா ரோசியல் பிரவுன், கங்குரோ பற்றி அறிந்து அடைந்த அதிர்ச்சியையும் ஈர்ப்பையும் பழைய ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களான உக்கியோ-எ பாணி ஓவியங்களாக வரைந்தார். பழைய எடோ காலத்துப் பெண்கள் பழுப்பு முகமும் பின்னல் முடியுமாக அந்தப் படங்களில் அமர்ந்திருக்கிறார்கள். கோபமும் வியப்பும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதற்கு அவை நல்ல சான்று.

நகோயாவில் இன்னொரு வகை உறவைக் காணலாம். கார் உற்பத்திக்குப் பெயர்பெற்ற அந்தப் பகுதியில், பாரடைஸ் ரோடு போன்ற கடைகளைச் சுற்றி, தென் கலிபோர்னியாவின் மெக்சிக அமெரிக்கர்களுடைய சிகானோ பண்பாடு வேர்விட்டது. தரையை உரசும்படி தாழ்த்தி, நீரழுத்தத்தால் துள்ளும்படி செய்யப்பட்ட லோரைடர் கார்கள், மேற்பொத்தானை மட்டும் போட்ட கட்டம்போட்ட சட்டை, நெற்றியில் கட்டிய பந்தானாத் துணி, குவாதலூப்பே மாதாவின் படம் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்தப் பாணியின் பின்னால் வலி நிறைந்த வரலாறு இருக்கிறது. 1943 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அமெரிக்கப் படைவீரர்கள் தெருத்தெருவாகச் சென்று, சூட் சூட் எனப்பட்ட அகன்ற உடையணிந்த மெக்சிக அமெரிக்க இளைஞர்களை அடித்து, அவர்களின் உடையைக் கிழித்தெறிந்தார்கள். உடையே ஒரு சமூகத்தின் தன்மானமாக மாறியது இத்தகைய நிகழ்வுகளால்தான். நகோயாவின் ஆர்வலர்களில் பலர் கார் வாங்கவும் பாகங்கள் தேடவும் கலிபோர்னியாவுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அங்குள்ள குடும்பங்களோடு நட்புக் கொண்டார்கள். குடும்பப் பற்று, மூத்தோர் மதிப்பு, கைவினையில் பெருமை ஆகியவை தங்களை ஈர்த்ததாக அவர்கள் சொல்கிறார்கள். இங்கே உடையோடு மனிதர்களும் கொஞ்சம் வந்தார்கள் என்று சொல்லலாம். சிறைவாழ்வையும் குழுச் சண்டையையும் குறிக்கும் சின்னங்களை வெறும் அலங்காரமாக அணிவது சரியா என்ற கேள்வி மட்டும் மெக்சிக அமெரிக்கர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இனத் தாக்கம் என்றதும் கறுப்பு, பழுப்பு நிறங்களை மட்டுமே பேசுவது பலருடைய வழக்கம். அது பெரிய குறை. ஹராஜுகுவின் லோலிட்டா பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் ரொக்கோக்கோ அழகையும் விக்டோரியா காலக் குழந்தைகளின் உடையையும் கலந்து, பின்னல் சரிகையும் குடை போல விரிந்த பாவாடையும் சுருள் பொன்முடியுமாக உருவான பாணி அது. பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட் என்ற கடை 1988இல் தொடங்கியது. 2001இல் இந்தப் பாணிக்கென்றே தனிப் பத்திரிகை வந்தது. 2009இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் லோலிட்டா உடையணிந்த அயோகி மிசாகோவை நாட்டின் பண்பாட்டுத் தூதர்களுள் ஒருவராக நியமித்தது. ஐரோப்பிய வெள்ளை மேட்டுக்குடியின் உடையை எடுத்துக்கொள்வதும் இன்னொரு இனத்தின் தோற்றத்தை எடுத்துக்கொள்வதே. ஆனால் யாரும் அதை இனத் தாக்கம் என்று அழைப்பதில்லை. ஐவி உடையையும் அப்படி அழைத்ததில்லை. வெள்ளையரின் உடை உலகப் பொதுவுடைமையாகவும், பிறருடைய உடை மட்டும் ஓர் இனத்தின் உடையாகவும் தோன்றுவதே இன ஏற்றத்தாழ்வின் ஆழமான விளைவு. லோலிட்டா பாணி கடல் கடந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது, அதை விரும்பி அணிந்த கறுப்பினப் பெண்களிடம், இந்த உடை உங்கள் நிறத்துக்குப் பொருந்தாது என்று இணையத்தில் பலர் சொன்னது அதற்குச் சான்று. ஜப்பானியப் பெண் பிரெஞ்சுச் சீமாட்டியாகலாம், கறுப்பினப் பெண் ஆகக் கூடாது என்ற கணக்கில் எந்த நியாயமும் இல்லை. அந்தப் பெண்கள் தமக்கென்று குழுக்களை அமைத்து, தம் முடியின் இயல்புக்கும் மேனிக்கும் ஏற்ப அந்தப் பாணியை வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

கடன் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993இல் ஹராஜுகுவின் பின்சந்துகளில் நிகோ தொடங்கிய எ பேத்திங் ஏப், நியூயார்க்கின் ஹிப்-ஹாப் உடையைப் பார்த்து வளர்ந்த நிறுவனம். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ராப் கலைஞர்கள் அந்த டோக்கியோ ஆடைகளைத் தேடி அணிந்தார்கள். கறுப்பின இசைக்கலைஞர் ஃபாரெல் வில்லியம்ஸ் நிகோவோடு இணைந்து பில்லியனர் பாய்ஸ் கிளப் என்ற நிறுவனத்தை உருவாக்கினார். 2021இல் நிகோ பாரிஸின் கென்சோ நிறுவனத்துக்கும், 2023இல் ஃபாரெல் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்கும் கலைப் பொறுப்பேற்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிப் போற்றுகிறார்கள். கடன் வாங்கியவர் யாரிடம் வாங்கினேன் என்று சொல்லும்போது, வாங்கியதன் தன்மையே மாறிவிடுகிறது.

இந்த விவாதங்களில் எப்போதும் கடைசியாகவே நினைக்கப்படுபவர்கள், ஜப்பானில் பிறந்து வளர்ந்த, வெவ்வேறு இனப் பெற்றோரின் பிள்ளைகள். அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ள சாசெபோவில் கறுப்பின அமெரிக்கத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த மியாமோட்டோ அரியானா, 2015இல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கான ஜப்பான் அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் போதுமான அளவு ஜப்பானியராகத் தோன்றவில்லை என்று இணையத்தில் எழுந்த குரல்கள், பழுப்பு மேனியைப் பாணியாகக் கொண்டாடிய அதே நாட்டிலிருந்துதான் வந்தன. பள்ளிகளின் கதையும் இதுவே. மாணவர் முடி கறுப்பாகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்ற விதி ஜப்பானின் பல பள்ளிகளில் இருந்தது. இயற்கையிலேயே செம்பழுப்பு முடி கொண்ட மாணவி ஒருவர் 2017இல் ஒசாகா மாகாண அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார். டோக்கியோ மாநகரப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் அத்தகைய விதிகளைக் கைவிட்டன. 2023இல் ஹ்யோகோ மாகாணத்தின் ஹிமெஜி நகரில், கறுப்பினத் தந்தையின் மகனான ஒரு மாணவர், பட்டமளிப்பு நாளன்று தம் சுருள் முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னிக்கொண்டு வந்தார். அவருடைய முடிக்கு அதுவே ஒழுங்கான தோற்றம். பள்ளி அவரை உடன்படித்தவர்களோடு உட்கார விடாமல் தனியாக மாடியில் அமர்த்தியது. அதே பின்னலைப் பணம் கொடுத்துப் பல மணி நேரம் அமர்ந்து போட்டுக்கொள்ளும் முடிதிருத்தும் நிலையங்கள் ஜப்பானின் பெரிய நகரங்களில் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன.